அரைக்கட்டை

கோவில்பட்டி
6.1.2025

கருத்தையாவுக்கு,

உன் உடம்பு எப்படியிருக்கிறது என்று கேட்க இதை எழுதவில்லை. எந்தக் கோயில் கொடை நோட்டீஸை எடுத்தாலும் ஆர்மோனியம் என்ற இடத்தில் உன் பெயர் இருக்கிறது, அதற்கு முன்னால் இரண்டு பட்டமும் இருக்கிறது. அதனால் உயிரோடு இருக்கிறாய் என்று தெரியும். நாற்பத்திரண்டு வருஷமாக அது மட்டும் தெரிந்தால் எனக்குப் போதுமாக இருந்தது.

போன வாரம் முத்துசெல்வி என்று ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். நான்கு வருஷமாக ஸ்திரீபார்ட் கட்டுகிறாளாம். இனிமேல் ராஜபார்ட் கட்டப் போகிறேன், அப்படியே என் பெயரைப் பதியுங்கள் என்று உங்கள் நாடக நடிகர் சங்கத்தில் மனுக் கொடுத்திருக்கிறாள். செயலாளர் ராஜபாண்டி மறுத்துப் பதில் கொடுத்திருக்கிறான். அந்தத் தாளை என் கையில் கொடுத்தாள். அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

“1983-இல் கடம்பூரில் முப்பிடாதி என்ற பெண் ராஜபார்ட் கட்டி நடித்தபோது மேடையிலேயே தொண்டை உடைந்து நாடகம் பாதியில் நின்றது. விடிய விடியப் பாடும் ராஜபார்ட்டைப் பெண்களின் தொண்டை தாங்காது என்பது அன்றே தெரிந்த விஷயம். அன்று ஆர்மோனியம் வாசித்த மூத்த கலைஞர் கருத்தையா அவர்களே இதற்குச் சாட்சி.”

நீ சாட்சி. அந்தப் பெண் என்னிடம் கேட்டாள், “அம்மா, நெசமாவே ஒங்களுக்குத் தொண்டை தாங்கலையா?”

அவளுக்காகத்தான் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. என் வீட்டில் உட்கார்ந்து ஒரு விருத்தம் பாடினாள். மூக்கால் பாடுகிறாள். எனக்குப் பிடிக்கவில்லை. நான் எனக்காக எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்துக்குக் கார்பன் வைத்து நகல் எடுத்திருக்கிறேன். நாளைக்குச் சங்கத்துக்கு வெளியே உள்ளவர்கள் படித்தாலும் விளங்க வேண்டும் என்பதற்காக, உனக்குத் தெரிந்ததையும் விளக்கியே சொல்கிறேன். நான் பாடுவது ஐந்து கட்டைச் சுருதி; பெட்டியில் கட்டை ஏற ஏறக் குரலும் உயர வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு அரைக்கட்டையும் என் தொண்டைக்கு ஒரு சுமை. பதின்மூன்று வருஷம் ராஜபார்ட் கட்டினேன். எட்டயபுரத்தில் 1971-இல் முதல் நோட்டீஸில் ‘ராஜபார்ட் முப்பிடாதி’ என்று அச்சடித்தபோது, அச்சுப்பிழை என்று நினைத்துத்தான் பாதிக் கூட்டம் வந்தது. சாணி எறிந்தார்கள். என்னோடு மேடையேற மாட்டேன் என்று ஸ்திரீபார்ட்டுகள் ஊரைவிட்டுப் போனார்கள். அப்போதெல்லாம் உடையாத தொண்டை கடம்பூரில் ஒரே ராத்திரியில் உடைந்தது. ஏனென்றால், பாட்டுக்குப் பாட்டு நீ சுருதியை ஏற்றினாய்.

சுருதியைக் குறை என்று நடிகன் மேடையில் கேட்க மாட்டான். கேட்டால் தோற்றான். இது நம் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். உனக்கும் தெரியும். அதை வைத்துத்தான் செய்தாய்.

பிப்ரவரி இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை உங்கள் சங்கத்தில் கமிட்டி கூடுகிறது. முத்துசெல்வியின் மனுவை அன்றைக்கு மறுபடியும் எடுக்கிறார்கள். அங்கே எழுந்து நின்று, முப்பிடாதியின் தொண்டை தானாக உடையவில்லை, நான் உடைத்தேன் என்று சொல். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

போன் செய்யாதே. நான் பேசினால் உமி அள்ளிப் போட்டதுபோலத்தான் சத்தம் வரும். உனக்கு விளங்காது.

முப்பிடாதி


எட்டயபுரம்
13.1.2025

திருமதி முப்பிடாதி அவர்களுக்கு,

உங்கள் பதிவுத் தபால் கிடைத்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கும்போது வீட்டில் எல்லோரும் கோர்ட் நோட்டீஸ் என்று பயந்துவிட்டார்கள்.

சங்கத்தில் என்னிடம் கேட்டார்கள். நாடகம் பாதியில் நின்றது உண்மையா என்று கேட்டார்கள். உண்மை என்று சொன்னேன். அதற்கு மேல் ராஜபாண்டி என்ன எழுதினான் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

நான் சுருதியை ஏற்றினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐம்பது வருஷமாக இந்தப் பெட்டியை வாசிக்கிறேன். என்னைப் பற்றி இப்படி ஒரு சொல்லை விரோதிகூடச் சொன்னதில்லை. அன்றைக்கு உங்களுக்கு வயது முப்பத்திநான்கு. அந்த மாசி பங்குனியில் தொடர்ந்து இருபத்தொரு நாடகம் பாடியிருந்தீர்கள். ஒருநாள்கூடத் தூங்கவில்லை. அது தொண்டைதான், இரும்புக் குழாய் இல்லை. உடைந்தது. அதற்கு இன்னொருவன் தலையில் பழியைப் போட்டால் மனசுக்கு ஆறுதலாக இருக்கும்தான்.

நான் ஒன்று கேட்கிறேன். எனக்கு வாத்தியார் வைத்து நம் வீட்டில் சொல்லிக்கொடுத்ததை மாட்டுக்கொட்டிலில் நின்று ஒட்டுக்கேட்டுப் படித்தீர்கள். சரி. இருபத்தொரு வயதில் வீட்டைவிட்டு நாடகத்துக்குப் போனீர்கள். அப்பா உங்களைத் தலைமுழுகினார். அதற்குப் பிறகும், உங்களுக்கு வாசிக்க எந்த ஆர்மோனியக்காரனும் சம்மதிக்காத காலத்தில், யார் வந்து வாசித்தது? அப்பாவின் முகத்தில் முழிக்காமல், சாப்பாட்டுத் தட்டை வாசலில் வாங்கிக்கொண்டு, ஒன்பது வருஷம் யார் வாசித்தது? அதை எந்த நகலில் எழுதி வைத்திருக்கிறீர்கள்?

என் மனைவி இறந்தபோது ஆள் அனுப்பினேன். நீங்கள் வரவில்லை. இனி எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
கருத்தையா


கோவில்பட்டி
17.1.2025

கருத்தையாவுக்கு,

திருமதியா? யாருக்கு நான் திருமதி? மீசை ஒட்டிக்கொண்டு பதின்மூன்று வருஷம் ராஜாவாக நின்றவளுக்கு எவன் மாப்பிள்ளை பார்ப்பான் என்று நீதான் ஒருதரம் கேலி செய்தாய். மறந்துவிட்டாயா?

உன் மனைவி நல்லவள். அவள் சாவுக்கு நான் வரவில்லை. உன் வாசலில் உட்கார்ந்து அழ எனக்குச் சத்தம் இல்லை. சத்தம் வராமல் அழுதால் நடிப்பு என்பார்கள்.

இருபத்தொரு நாடகம் பாடிக் களைத்துப்போனேன் என்கிறாய். நல்ல யோசனை. ஆனால் நீ ஒரு ஆளை மறந்துவிட்டாய். மிருதங்கம் வாசித்த சுடலைராஜ் அண்ணாச்சி. பெட்டியில் சுருதி ஏறினால் மிருதங்கத்தையும் ஏற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் ஒட்டாது. அன்றைக்கு அவர் கல்லை எடுத்து மிருதங்கத்தின் ஓரத்தைத் தட்டி மூன்று தடவை சுருதி கூட்டினார். முதல் விருத்தம் முடிந்து ஒரு தடவை. தர்க்கப் பாட்டுக்கு முன் ஒரு தடவை. சபைக் காட்சிக்கு முன் ஒரு தடவை. மேடையில் நின்று ஒவ்வொரு தட்டையும் நான் கேட்டேன். ஐந்து, ஐந்தரை, ஆறு, ஆறரை. சுருதி ஏறாமல் அந்த மனுஷன் எதற்காகக் கல்லைத் தேடினார்? வேலை இல்லாமலா?

அவர் செத்துப் பதினாறு வருஷம் ஆகிறது. சாவதற்கு முன்னால் ஒரு நாள் வந்தார். நான் அப்போது தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைத்துக்கொண்டிருந்தேன். வெளியே கூப்பிட்டு, “முப்பிடாதி, நானும் சேந்து ஏத்துனேன், அவன் ஏத்துனா நான் ஏத்தணும்லா, அதான் எந்தொழிலு. மன்னிச்சிரும்மா” என்றார். அவரை மன்னித்தேன்.

நீ ஒன்பது வருஷம் வாசித்தது எனக்கு நினைவில்லை என்று நினைக்கிறாயா? அது நினைவில் இருப்பதால்தான் இது பொறுக்கவில்லை. வேறொருவன் செய்திருந்தால் அடுத்த மாசமே மறந்திருப்பேன்.

ஏன் செய்தாய் என்று நான் கேட்கவே இல்லை. இப்போதும் கேட்கவில்லை. செய்தேன் என்று சொல். இரண்டாம் தேதிக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது.

முப்பிடாதி


எட்டயபுரம்
23.1.2025

அக்கா,

சரி. ஏற்றினேன். மூன்று தடவை. நீ எழுதியிருக்கும் கட்டைக் கணக்கு சரி.

நீ கேட்கவில்லை என்றாலும் ஏன் என்று சொல்லப் போகிறேன். கேட்காமலே நாற்பத்திரண்டு வருஷம் என்னைத் தூக்குமேடையில் நிறுத்தி வைத்திருக்கிறாய்.

அப்பா செத்து அன்றைக்கு இருபத்தேழாவது நாள். ஒரு மாசம்கூட ஆகவில்லை, மகள் மீசை வைத்துக்கொண்டு ஆடுகிறாள் என்று ஊரில் பேச்சு. பெரியப்பா மகன் சங்கிலிப்பாண்டியும் இன்னும் ஐந்து பேரும் கடம்பூருக்கு வந்திருந்தார்கள். முதல் காட்சி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் சங்கிலிப்பாண்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். “கடைசி சீன்ல ராஜா ராணிக்குத் தாலி கட்டணும்லா? பொம்பள பொம்பளைக்குக் கட்டுத தாலிய நாங்க ஒக்காந்து பாக்க மாட்டோம். அது வரைக்கும் பாடட்டும். நீ பெட்டிய விட்டு எந்திரிச்சா இப்பவே.” அவன் ஆளில் ஒருவன் எனக்குப் பின்னால் திரை கட்டிய கம்பில் சாய்ந்து உட்கார்ந்தான். அவன் இடுப்பில் இருந்தது துணியில் சுற்றிய அரிவாள் என்பது எனக்குத் தெரிந்தது.

எழுந்திருக்க முடியாது. வாயைத் திறந்து சொல்ல முடியாது. என் வசம் இருந்தது பத்து விரல்தான்.

அரைக்கட்டை ஏற்றினால் நீ என் பக்கம் திரும்பி முறைப்பாய் என்று நினைத்தேன். நீ முறைத்தால் கண்ணைக் காட்டலாம் என்று இருந்தேன். நீ திரும்பவே இல்லை. இன்னும் அரைக்கட்டை ஏற்றினேன். ஆறு கட்டையில் எந்த ஆம்பளையும், வாய்விட்டுக் கேட்காவிட்டாலும், கூட்டத்துக்குத் தெரியாமல் விரலைத் தூக்கி இறக்கச் சொல்வான். இல்லாவிட்டால் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு உள்ளே போவான். நாடகம் நின்றுபோகும், எல்லோரும் வீட்டுக்குப் போவோம் என்று நினைத்தேன். நீ ஆறிலும் பாடினாய். நான் ஆறரை வைத்தேன். நீ அதையும் பாடினாய். நீ இறங்குவாய், இறங்குவாய் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ராஜா கோட்டின் கழுத்துப் பட்டியில் ரத்தத்தைப் பார்த்தேன்.

சங்கிலிப்பாண்டி எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு, “அவளே அடங்கிட்டா, வாங்கலே” என்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். நீ உயிரோடு இருந்தாய்.

இதில் பாதிக் குற்றம் உன்னுடையது. ஒரு விரலைத் தூக்கியிருந்தால் போதும். நீ தூக்கவில்லை. உன் கௌரவத்துக்கு நான் எப்படிப் பொறுப்பு?

சங்கத்தில் சொல்ல மாட்டேன். சுருதியைக் கெடுத்தவன் என்று ஆர்மோனியக்காரனுக்குப் பெயர் வந்தால் அவன் பெட்டியை மூடிவிட வேண்டியதுதான். சங்கிலிப்பாண்டி செத்துவிட்டான், ஆனால் அவன் பிள்ளைகள் என் தெருவில்தான் இருக்கிறார்கள். எனக்கு எழுபத்திரண்டு வயது. என்னை விட்டுவிடு.

கருத்தையா


கோவில்பட்டி
27.1.2025

ஏலே கருத்தையா,

உன் கடிதத்தைப் பத்துத் தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை.

என்னைக் காப்பாற்றினாயாக்கும்! நான் உனக்கு ஒன்று சொல்கிறேன், கவனமாகக் கேள்.

அவர்கள் வந்தது எனக்குத் தெரியும். அன்றைக்கு மத்தியானமே தெரியும். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த வெள்ளைத்தாய் ஞாபகம் இருக்கிறதா, நாடகம் எங்கே நடந்தாலும் முன்னால் வந்து பாய் விரிக்கிறவள்? கடம்பூர் டீக்கடையில் அவள் காதில் விழுந்திருக்கிறது. ஒப்பனைக் கொட்டகைக்கு வந்து சொன்னாள். “போயிருவமா அக்கா?” என்று கேட்டாள். போக மாட்டேன் என்றேன். “அப்பம் நாங்க வாரோம்” என்றாள்.

நாற்பத்தியாறு பெண்கள் வந்தார்கள். தீக்குச்சி ஏற்றும் லாரியில் வந்தார்கள். மேடையின் இரண்டு பக்கமும் படுதாவை ஒட்டி உட்கார்ந்தார்கள். அவ்வளவு பெண்கள் ஏன் சம்மணம் போடாமல் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நீ யோசிக்கவில்லையா? லாரி பின்னால் நின்றது. தாலியைக் கட்டிவிட்டு நான் பின்பக்கமாக இறங்க வேண்டும், அவர்கள் என்னைச் சுற்றிக்கொள்ள வேண்டும், லாரி கிளம்ப வேண்டும். எல்லாம் பேசி வைத்திருந்தோம். மேடைக்கு வந்து முதல் விருத்தம் பாடும்போதே சங்கிலிப்பாண்டியைப் பார்த்துவிட்டேன். அவன் முகத்தைப் பார்த்துத்தான் பாடினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் பாடியதில்லை.

அந்த விருத்தம் முடிந்ததும் அரைக்கட்டை ஏறியது.

நீயும் அவர்களோடு சேர்ந்துவிட்டாய் என்று நினைத்தேன். அதனால்தான் திரும்பவில்லை. உன் முகத்தை அப்படிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. நீ கண்ணைக் காட்டக் காத்திருந்தாய் என்று இன்றைக்குச் சொல்கிறாய். நான் பார்க்கக்கூடாது என்று நின்றேன்.

ஒப்பனை போடும்போது மூன்று மணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாயே. ஊரில் பேச்சு இருந்தது உனக்குத் தெரியும் என்கிறாய். “அக்கா, ஆபத்து இருக்கு, என்ன செய்யப் போற?” என்று ஒரு வார்த்தை கேட்டாயா? கேட்டிருந்தால் எல்லாம் சொல்லியிருப்பேன். என் உயிருக்கு நானே வழி செய்திருப்பேன் என்று உனக்குத் தோன்றவே இல்லை. அது உன் மூளையில் ஏறாது. அப்பாவுக்கும் ஏறாது.

நான் இறங்குவேன் என்று எந்த முப்பிடாதியைப் பார்த்து நினைத்தாய்? வீட்டைவிட்டு வந்தவளையா, சாணியைத் துடைத்துவிட்டு அடுத்த அடியைப் பாடியவளையா? ஒன்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து என்னதான் கேட்டுக்கொண்டிருந்தாய்?

பாதிக் குற்றம் என்னுடையது என்கிறாய். ஒத்துக்கொள்கிறேன். விரலைத் தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை. அந்தப் பாதிக்கு நாற்பத்திரண்டு வருஷமாக நான் ஊமையாக இருக்கிறேன். உன் பாதிக்கு நீ என்ன செய்தாய்? இரண்டு பட்டம் வாங்கினாய்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி.

முப்பிடாதி


எட்டயபுரம்
3.2.2025

அக்கா,

நேற்றுப் போனேன். சொன்னேன்.

உன் கடிதத்துக்குப் பயந்து போகவில்லை. அந்தப் பெண்கள் குத்தவைத்து உட்கார்ந்திருந்தது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் அது ஞாபகத்தில் இல்லை. அதற்குப் பிறகு தூங்க முடியவில்லை.

நடந்தது இதுதான். இருபது பேர் இருந்தார்கள். நான் எழுந்து, 1983-இல் முப்பிடாதி தொண்டை தானாக உடையவில்லை, ஐந்து கட்டையில் பாடுகிறவளுக்கு நான் ஆறரை வைத்தேன் என்றேன். ராஜபாண்டி சிரித்தான். “அண்ணாச்சி, வயசான காலத்துல அக்கா மேல பாசம் பொங்குது. அவிய பேர காப்பாத்த ஒங்க பேர கெடுக்கப் பாக்குதிய. இந்த மனசு யாருக்கு வரும்?” என்றான். கை தட்டினார்கள் அக்கா. நான் பொய் சொல்கிறேன் என்று நம்பி, அதற்காகக் கை தட்டினார்கள். ஒருவன் துண்டை எடுத்துக் கொண்டுவந்து எனக்குப் போர்த்தினான்.

துண்டைத் தூக்கி எறிந்தேன். சுடலைராஜ் மூன்று தடவை கல்லை எடுத்ததைச் சொன்னேன். எந்தப் பாட்டுக்கு எத்தனை கட்டை என்று சொன்னேன். ஏன் என்பதையும் சொன்னேன். சங்கிலிப்பாண்டி பெயரைச் சொன்னேன். அப்புறம் சிரிப்பு நின்றது. வயதான மிருதங்கக்காரர்கள் மூன்று பேர் நம்பினார்கள். நம்பியவர்கள் எழுந்து வெளியே போனார்கள். என்னைத் தாண்டிப் போகும்போது வேட்டியை ஒதுக்கிக்கொண்டு போனார்கள்.

அந்தப் பெண் முத்துசெல்வி கடைசியில் நின்றிருந்தாள். “இப்பமாவது என் பேர எழுதுவியளா சார்?” என்று கேட்டாள். ராஜபாண்டி பதிவு நோட்டை மூடி வைத்தான். “சரிம்மா, ஒரு கொடைக்குப் போயி ராஜபார்ட் கட்டு. விடியும் வரை தாங்குனா பதியுதோம். ஆனா பெட்டி இந்த அண்ணாச்சிதான் வாசிக்கணும். நெசம் அவர் வாயில இருக்கா கையில இருக்கான்னு பாப்போம்” என்றான். அவள் உடனே சரி என்று சொல்லிவிட்டாள். பங்குனியில் புதியம்புத்தூர் பக்கம் ஒரு கொடை. மார்ச் இருபத்தைந்து, செவ்வாய்க்கிழமை.

மாசியில் எனக்கு ஏழு நாடகம் பேசியிருந்தார்கள். நேற்று ராத்திரிக்குள் ஐந்து பேர் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சங்கிலிப்பாண்டியின் மூத்த மகன் காலையில் வாசலில் வந்து நின்று, என் பெயரைச் சொல்லிக் காறித் துப்பிவிட்டுப் போனான்.

நாற்பத்தியாறு பெண்கள் அரிவாளுக்கு முன்னால் என்ன செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. அது தெரியாமலேதான் நாம் இரண்டு பேரும் சாகப்போகிறோம். நான் ஏற்றியது தப்பு என்று சொல்லிவிட்டேன். நான் ஏற்றாவிட்டாலும் நீ செத்திருக்க மாட்டாய் என்று மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாதே.

கருத்தையா


கோவில்பட்டி
8.2.2025

கருத்தையாவுக்கு,

சொன்னாய் என்று முத்துசெல்வியும் வந்து சொன்னாள். சரி.

நன்றி சொல்ல மாட்டேன். என்னிடம் இருந்து எடுத்ததை நீ திருப்பிக் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. என் பெயரைத்தான் கொடுத்திருக்கிறாய். தொண்டை கடம்பூரிலேயேதான் இருக்கிறது.

ஐந்து நாடகம் போய்விட்டது என்று எழுதியிருக்கிறாய். கடம்பூருக்குப் பிறகு எனக்கு எத்தனை நாடகம் போயிற்று என்று நீ எழுதவில்லை.

புதியம்புத்தூருக்கு வருவேன். முதல் வரிசையில், உன் கை தெரிகிற பக்கத்தில் உட்காருவேன். விரல் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுந்து மேடைக்கு வருவேன். கத்தத்தான் எனக்குத் தொண்டை இல்லை. பெட்டியைத் தூக்கிக் கீழே போட இரண்டு கை இருக்கிறது.

முப்பிடாதி


எட்டயபுரம்
27.3.2025

அக்கா,

பார்த்தேன், நீ வந்து உட்கார்ந்ததை. வேலைக்குப் போகிற பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகுவதுபோலச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நிஜமாகவே மேடைக்கு வருவாய் என்று தெரிந்தது. நான் பாட்டைக் கேட்டு வாசித்ததைவிட உன் கண்ணைப் பார்த்து வாசித்ததுதான் அதிகம்.

முத்துசெல்வி ஐந்தரை வேண்டும் என்றாள். ஐந்து போதும்மா, விடிய வரைக்கும் பாடணும் என்றேன். “நீங்க பயந்து குறைக்காண்டாம் தாத்தா, ஐந்தரையே வைங்க” என்றாள். வைத்தேன். ஏற்றவில்லை. நீ உட்கார்ந்திருந்தாய், உனக்குத் தெரியும்.

மூன்று மணிக்கு மேல் நடந்ததையும் நீ பார்த்தாய். ஆனால் பாதியில் எழுந்து போய்விட்டாய். அதனால் மீதியையும் எழுதுகிறேன்.

தர்க்கப் பாட்டின் நடுவில் அவளுக்குத் தொண்டை கட்டியது. அவள் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினாள். மைக்கிலேயே கேட்டாள்.

“தாத்தா, அரைக்கட்டை எறக்குங்க. தொண்டை கட்டுது.”

அந்தச் சொல்லை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை அக்கா. கூட்டம் என்ன செய்யும் என்று பார்த்தேன். எவனோ ஒருத்தன் விசில் அடித்தான். அப்போதுதான் நீ எழுந்தாய். சேலையை உதறிவிட்டுக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாய். நீ போன பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கிழவி கத்தினாள், “எறக்கும்யா, புள்ள கேக்குதுல்லா! காது அடைச்சிருக்கா?” எல்லோரும் சிரித்தார்கள். மிருதங்கக்காரன் சுருதியைத் தளர்த்தினான். ஐந்துக்கு இறக்கினேன். அவள் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு விட்ட அடியிலிருந்து எடுத்தாள். விடியும் வரைக்கும் பாடினாள். தாலி கட்டினாள். குலவை போட்டார்கள்.

ராஜபாண்டி அவள் பெயரை ராஜபார்ட் என்று எழுதிவிட்டான்.

நான் திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். அவ்வளவுதானா அது? கேட்டால் இறக்கிவிடலாம், இறக்கினால் பாடலாம், அவ்வளவுதானா?

கருத்தையா


கோவில்பட்டி
1.4.2025

கருத்தையாவுக்கு,

எழுந்து போனதற்குக் காரணம் உன்மேல் கோபம் இல்லை. அவள்மேல் கோபம். ராஜா வேஷத்தில் நின்றுகொண்டு, கிரீடத்தோடு, பெட்டிக்காரனிடம் இறக்கு என்று கேட்கிறாள். எனக்கு வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிடலாம் போல இருந்தது. ஒரு பெண் ராஜபார்ட் கட்டத்தான் நான் இவ்வளவும் பட்டேன், இவள் நின்று பிச்சை கேட்கிறாளே என்று தெருமுனை வரைக்கும் போனேன்.

போகிற வழியில் பாட்டு மறுபடியும் கேட்டது. நின்றேன். ஒரு சுமைதாங்கிக் கல் மேல் உட்கார்ந்து விடிகிற வரைக்கும் கேட்டேன். இது உனக்குத் தெரியாது.

மூக்கால்தான் பாடினாள். ஆனால் பாடினாள். நான் ரத்தத்தைத் துப்பிக்கொண்டு விழுந்த இடத்தை அவள் ஒரு வார்த்தையைச் சொல்லித் தாண்டிப் போனாள். நாற்பத்திரண்டு வருஷமாக நீயும் நானும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த, கேட்டால் தோற்றான் என்ற சட்டம், ஒரு கிழவி கத்தியதில் போய்விட்டது. அந்தச் சட்டத்தை யார் போட்டார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. நான் உயிரை வைத்து அதைக் காப்பாற்றியிருக்கிறேன்.

அவ்வளவுதானா என்று கேட்டிருக்கிறாய். அவ்வளவுதான். இனி அதை என்னிடம் கேட்காதே.

முத்துசெல்வி நேற்று வந்தாள். நான் பாதியில் போய்விட்டேன் என்று அவளுக்கு வருத்தம். தப்பாக ஏதாவது பண்ணினேனா அம்மா என்றாள். தப்பு இல்லை, கேட்டது சரி, இனிமேல் எந்த மேடையிலும் கேள் என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு வெகுநேரம் பிடித்தது. என் சத்தம் அவளுக்கு விளங்கவில்லை. அதனால் சிலேட்டில் எழுதிக் காட்டினேன்.

அவள் போன பிறகு நானும் நினைத்துப் பார்த்தேன். அன்றைக்குக் கடம்பூரில் எனக்கு அந்த வார்த்தை வந்திருந்தால் என்று. நீயும் அவர்களோடு சேர்ந்துதான் சுருதியை ஏற்றுகிறாய் என்று நினைத்த பிறகு, அந்த வார்த்தை வாய்வரை வந்திருந்தாலும் உன்னிடம் கேட்டிருக்க மாட்டேன். இன்றைக்கும் கேட்க மாட்டேன்.

முப்பிடாதி